நைட் கிளப்பில் குடும்ப விருந்து!

தூத்துக்குடி நண்பர் ஒருவர், "பெண் பரீட்சையில் தேறிவிட்டாள், சார்! ராத்திரி குடும்பத்தோடு நைட் கிளப்புக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தால் திடுக்கிடுவீர்கள் அல்லவா?

பயப்படாதீர்கள்! அங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. அந்த ஊரில் பரோட்டாக் கடைக்குத்தான் அந்தப் பெயர். நம் தாத்தாக்கள் 'காப்பி கிளப்' என்றார்களே, அதே கிளப்! சுடச் சுடப் பரோட்டாக்களை அடுக்கி, இரு கைகளாலும் தட்டி இலையில் போட்டு, சால்னாவை ஊற்றுவார்கள். வீடு திரும்பும்போது ஒரு பொட்டலம் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்த அந்தப் பண்டம் வாயில் போட்டதும் கரைந்துவிடும்.

ஆனால், இந்த விருந்தின் உண்மையான ருசி வேறு. வீட்டில் விசேஷம் என்றால் எல்லோருக்கும் கொண்டாட்டம். அம்மாவுக்கு மட்டும் அடுப்படி! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறியதைச் சாப்பிடுகிறவர் அவர். இங்கேயோ எல்லோருடனும் சேர்ந்து உட்காருகிறார், சூடாகச் சாப்பிடுகிறார், "இன்னும் கொஞ்சம் சால்னா" என்று கேட்கவும் செய்கிறார்!

தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. முத்துமாலை வாங்கித் தர முடியாவிட்டால் போகட்டும். அடுத்த விசேஷத்துக்கு உங்கள் வீட்டு அம்மாவை முதல் இலையில் உட்கார வைத்துப் பாருங்களேன்!