அடக்கி ஆளும் ஆர். என். ஏ.

விலங்கியற் கூடத்தில் நாம் பாடங் கேட்ட நாளில், பரம்பரைச் செய்தி செல்லும் வழியை ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு அம்புக்குறிகளால் வரைந்து காட்டுவர். டி. என். ஏ. யிலிருந்து ஆர். என். ஏ.; ஆர். என். ஏ. யிலிருந்து புரதம். டி. என். ஏ. மூல ஏடு, ஆர். என். ஏ. அதன் செய்தியைக் கொண்டு செல்லும் தூதன். அப்பாடம் பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. அதனைக் கற்று ஆண்டு பல கழிந்த பழைய மாணவர்க்கும், இன்று கற்கும் இளைஞர்க்கும், எஞ்சிய பகுதியை எடுத்துரைத்தலே எமது நோக்கமாகும்.

மனிதனின் டி. என். ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களாலாயது. அவற்றுட் புரதத்தை ஆக்குங் கட்டளையைத் தாங்குவன நூற்றுக்கு இரண்டினுங் குறைவு. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை ஒருகால் அறிஞர் சிலர் 'குப்பை' என ஒதுக்கினர். ஆயினும் அப்பகுதிகளிலிருந்தும் ஆர். என். ஏ. இழைகள் தோன்றுகின்றன. அவற்றுள் 200 எழுத்துக்களுக்கு மேற்பட்டு நீண்டும், புரதம் ஆக்காதும் இருப்பனவற்றைப் 'புரதம் ஆக்கா நெடு ஆர். என். ஏ.' எனலாம். அவற்றின் தொழில் யாது? நன்கு ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு விடை காண்போம்.

பெண்ணின் கலத்தில் எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. ஆணின் கலத்தில் ஒன்றே. இரண்டும் ஒருங்கே தொழிற்படின், அதிலுள்ள பரம்பரையலகுகளின் விளைவு பெண்ணில் இருமடங்காகும். 1949இல் கனடாவில் மறே பார், பேற்றம் என்னும் இருவர் பெண் பூனையின் நரம்புக் கலக்கருவில் ஒரு கரும்புள்ளியைக் கண்டனர். ஆண் பூனையில் அஃது இல்லை. 1961இல் இங்கிலாந்தில் மேரி லையன் அம்மையார், எலிகளின் உரோம நிறத்தை ஆதாரமாகக் கொண்டு, முளையப் பருவத்திலேயே ஒவ்வொரு கலத்திலும் ஓர் எக்ஸ் அடக்கப்படுகின்றது என விளக்கினார். அக்கரும்புள்ளி, அடங்கிச் சுருண்ட நிறமூர்த்தமே.

கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாய்க் கலந்த பூனையைப் பார்த்தோர் இவ்வுண்மையைக் கண்ணாற் கண்டோராவர். செம்மஞ்சள் நிறத்துக்குரிய அலகு எக்ஸில் உள்ளது. அதனைத் தாங்கிய எக்ஸ் அடங்கிய இடத்திற் கறுப்புத் தோன்றும். மற்றைய எக்ஸ் அடங்கிய இடத்திற் செம்மஞ்சள் தோன்றும். அத்தகைய பூனைகள் பெரும்பாலும் பெண்ணாயிருத்தற்குக் காரணம் இதுவே.

இங்ஙனம் அடக்குவது யாது? 1991இல் அது வெளிப்பட்டது. 'எக்ஸிஸ்ற்' எனப் பெயர் பெற்ற அந்த ஆர். என். ஏ. மனிதரில் ஏறத்தாழ 17,000 எழுத்து நீளமுடையது. அது புரதம் எதனையும் ஆக்குவதில்லை. கலக்கருவை விட்டு வெளியேறுவதுமில்லை. தான் பிறந்த நிறமூர்த்தத்தையே போர்வை போலச் சூழ்ந்து நின்று, அடக்குந் தொழிலையுடைய புரதங்களை அவ்விடத்துக்கு ஈர்க்கின்றது. அவற்றின் செயலால் அந்நிறமூர்த்தம் இறுகுகின்றது. ஒரு சில ஒழிந்த ஏனைய அலகுகள் ஓய்கின்றன. அக்கலம் பிரிந்து பெருகுந்தோறும் அவ்வடக்கம் வழிவழி தொடர்கின்றது.

இவ்வடக்கம் உயிர்காக்கும் அடக்கமாகும். தந்தை வழி வரும் எக்ஸில் இவ்வலகை நீக்கிய பெண் எலிகள் முளையப் பருவத்திலேயே மாண்டதை 1997இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இவ்வறிவு மருத்துவத்துக்கும் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாயிருத்தலே டவுண் நோய்க்குறித்தொகுதிக்குக் காரணம். 2013இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் லோறன்ஸ் அம்மையாரின் குழுவினர், அந்நிலையுடைய ஒருவரின் கலங்களில், அம்மூன்றனுள் ஒன்றிலே எக்ஸிஸ்ற் அலகைப் புகுத்தினர், அந்நிறமூர்த்தம் அடங்கிற்று. இது வளர்ப்புக் கலங்களிற் கண்ட பயனேயன்றி நோயாளருக்கு அளிக்கும் மருந்தன்று. அத்தகைய பிள்ளையையுடைய பெற்றோர் இதனை மறத்தலாகாது. எனினும் முழு நிறமூர்த்தம் ஒன்றையே அடக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

நெடு ஆர். என். ஏ. க்கள் பல்லாயிரம் பட்டியலிடப்பட்டுள. அவையனைத்துக்கும் தொழிலுண்டு எனத் துணிந்து கூறுதல் தவறு. ஆராயாது குப்பையெனத் தள்ளுதலும் தவறே. பயன் அறியப்படாமை வேறு, பயனின்மை வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்து ஆராயும் பணி, இன்று எமது வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவர் கையிலும் உள்ளது.