அயல்நாட்டுப் பிரயாணமும் அளவான மூட்டையும்

நம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குச் சென்று மலைவலம் வரும் அன்பர்களைப் பாருங்கள். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பை. அவ்வளவே அவர்களுடைய சாமான். 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும், சுமப்பவரும் தாமே என்பதை அவர்கள் நன்கறிவார்கள். ஆனால் அதே அன்பர்கள் அயல்நாட்டிலுள்ள மகனையோ மகளையோ காணப் புறப்படும்போது, வீட்டிற் பாதியைப் பெட்டிக்குள் அடைக்க முற்படுகிறார்கள்.

விமான நிலையத்தில் நாம் கண்ட காட்சி ஒன்று இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. எடை மிகுந்துவிட்டதென்று கேட்ட மூதாட்டி ஒருவர், தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தார். பேரனுக்கென்று ஆசையோடு செய்த முறுக்கும் பொடியும் ஊறுகாயும் வெளியே வந்தன. எதை விடுவது, எதைக் கொள்வது என்று அறியாமல் அவர் கலங்கினார். ஊரிலேயே பெட்டியை ஒருமுறை தராசில் நிறுத்திருந்தால் அக்கலக்கம் நேர்ந்திராது.

இத்தவறு பெரியோர் கூட்டத்திலும் நேர்ந்ததுண்டு. 1931 ஆகஸ்ட் 29-இல் காந்தியடிகள் வட்டமேஜை மாநாட்டிற்காகப் பம்பாயிலிருந்து ‘ராஜபுதானா’ கப்பலில் புறப்பட்டார். மகாதேவ தேசாய், பியாரேலால், மீராபென் முதலியோர் உடன் சென்றனர். அவர்கள் கொண்டுவந்திருந்த பெட்டிகளின் தொகையைக் கண்டு அடிகள் வருந்தினார். தேவைக்கு மிஞ்சிய பெட்டிகள் ஏடன் துறைமுகத்திலிருந்தே பம்பாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 1921 செப்டம்பரில் நம் மதுரையில் மேற்கொண்ட அரையாடையுடனும் கதர்ப் போர்வையுடனுமே அவர் லண்டன் குளிரைக் கழித்தார். அதே கோலத்தில் லங்காஷயர் சென்று நெசவாலைத் தொழிலாளரைக் கண்டார்; அரண்மனையில் மன்னரையும் கண்டார். எங்கும் அவருக்கு உடுப்பினால் ஒரு குறையும் நேரவில்லை.

நாம் அவ்வளவு சுருக்க வேண்டுவதில்லை. ஆயினும், பாவு ஓட்டிக் கஞ்சியிட்ட பின்னரே தறியில் ஏற்றுகிறோம். உழுது பண்படுத்திய பின்னரே விதைக்கிறோம். பிரயாணத்திற்கும் அத்தகைய முன்வேலை உண்டு. எடுத்துச் செல்ல எண்ணும் பொருள்களையெல்லாம் ஒரு வாரம் முன்னரே பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இஃது அங்கே கிடையாதா?’ என்று கேட்டுக்கொள்க. துவைத்து உடுக்க மூன்று நான்கு ஜதை ஆடைகள் போதும். நிரம்பிய பெட்டியைத் தாமே தூக்கித் தெருக்கோடி வரை நடந்து பார்ப்பது நல்ல சோதனை.

எடையைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. நாம் குருமாவிற்கு அரைக்கும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா முதலிய நாடுகளில் போதைப்பொருளாகத் தடை செய்யப்பட்டது. சிறு பொட்டலமும் சிறைக்கு வழியாகலாம். கோடீன், டிரமடால் சேர்ந்த இருமல் மருந்துகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் அங்கே கடுங் கட்டுப்பாடு உண்டு. ஆகையால் எம்மருந்தாயினும் மருத்துவரின் சீட்டுடன், அந்நாட்டு விதியை விசாரித்த பின்னரே கொண்டு செல்க. விவசாய அன்பர்கள் விதையும் செடியும் மண்ணும் முன்னனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது. பயிர்நோய் பரவுமென்று பல நாடுகள் அவற்றைப் பறிமுதல் செய்கின்றன. எண்ணெய்ச் சத்தினால் எளிதில் தீப்பற்றும் கொப்பரையைப் பெட்டியில் வைக்க விமான விதி இடந்தராது. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டி செல்லாது. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கையோ கைப்பையில்தான் வைத்தல் வேண்டும். ‘என் தம்பிக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்’ என்று பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் ஒருபோதும் ஏற்க வேண்டாம்.

காகிதங்கள் எடையற்றவை, எனினும் அவையே பிரயாணத்தின் உயிர். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பல நாடுகள் அதனை வற்புறுத்துகின்றன. பாஸ்போர்ட், விசா, பிரயாணச் சீட்டு ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும், மற்றொன்று வேறு பையிலும் இருக்கட்டும். வேலைக்குச் செல்வோர் சுற்றுலா விசாவில் புறப்படலாகாது; சம்பளமும் வேலையும் எழுதிய ஒப்பந்தத்தைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுக. படிக்க இயலாதவர் சங்கத்தில் படித்தவரிடம் கொடுத்துக் கேட்பதில் வெட்கமில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் சேர வேண்டியவர் விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னர் அங்கிருக்கும்படி கணக்கிட்டுக் கிளம்புக.

அன்பளிப்பாக எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை நம் தறியிலேயே இருக்கிறது. கைத்தறித் துண்டோ வேட்டியோ, மனமும் வசதியும் உள்ளவர்க்கு நம் மாவட்டத்து ஆரணிப் பட்டோ போதும். அஃது உடையாது, ஒழுகாது, கெடாது. மடித்தால் ஒரு சாண் இடத்தில் அடங்கும். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்தது என்று பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் உடுத்தி மகிழ்வார்கள். நெய்த அங்கத்தினருக்கும் கூலி கிடைக்கும்.

சென்று திரும்பிய அங்கத்தினர்கள் தங்கள் அனுபவத்தை அடுத்துப் புறப்படுவோருக்கு எடுத்துச் சொல்வார்களாக. அதுவும் கூட்டுறவுதானே!