சேய்மைக் கட்டுப்பாட்டுக் கருவியின் வீச்சும் அதனைப் பெருக்கும் வழிகளும்

கந்தளாய்க் குளத்தின் துருசுக் கதவை உயர்த்துபவர் செலவிடும் வலு மிகச் சிறிது. அக்கதவின் வழியே வெளிப்பட்டு ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலை நனைக்கும் நீரின் வலுவோ மிகப் பெரிது. சிறு வலுவொன்று பெருவலுவை ஆளும் இம்முறையே கட்டுப்பாடு எனப்படும். ஆள்பவன் கருவியை அணுகாது தொலைவில் நின்றே இதனைச் செய்வானாயின் அது சேய்மைக் கட்டுப்பாடு ஆகும். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இல்லந்தோறும் காணப்படுவதும் வழக்கில் ‘றிமோட்’ எனப்படுவதுமான சிறு கருவி இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும்.

இதனைச் சோம்பலின் துணைவன் என இகழ்வாரும் உளர். ஆயின், நோயுற்றுப் படுக்கையிற் கிடப்போர்க்கும் மூட்டு வலியால் எழமாட்டா முதியோர்க்கும், பிறரை அழையாது தாமே ஓசையைக் குறைக்கவும் நிகழ்ச்சியை மாற்றவும் உதவுவது இக்கருவியே. அதன் வீச்சு நாலடி குறையின் அவர்தம் சுதந்திரமும் அவ்வளவிற் குறைகின்றது. வீச்சுக் குறைந்தவுடன் கருவி பழுதென எறிந்து புதியது வாங்குவோர் பலர். காரணம் அறிந்தாராயின் பெரும்பாலும் செலவின்றியே குறை தீர்த்தல் கூடும். ஆதலின் அக்காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

தொலைவிலிருந்து ஆளும் எண்ணம் புதியதன்று. 1898இல் நிக்கோலா தெஸ்லா, நியூயோர்க் நகரில், வானலைகளைக் கொண்டு சிறு படகொன்றை இயக்கிக் காட்டினார். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1950இல் கம்பியால் இணைந்த கட்டுப்பாட்டுக் கருவியொன்றை வெளியிட்டது. 1955இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் பொல்லி என்பார் கம்பியை நீக்கி, திரையின் மூலைகளில் அமைந்த ஒளிமின் கலங்களின்மீது கைவிளக்குப் போன்ற கருவியால் ஒளி பாய்ச்சும் முறையைக் கண்டார். ஆனால் சன்னல் வழியே வந்த வெயிலும் அக்கலங்களை இயக்கிவிட்டது. அடுத்த ஆண்டு ரொபேட் அட்லர் ஒளியைக் கைவிட்டு, அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியலால் தட்டி, மனிதச் செவிக்கு எட்டாத கழியொலியை எழுப்பினார். அக்கருவிக்கு மின்கலமே வேண்டியதில்லை. எனினும் உலோகப் பொருள்கள் உராய்ந்தெழுப்பும் ஓசையும் சிலவேளை பெட்டியை மயக்கியது. பின்னர் செந்நிறக் கீழ்க்கதிர் முறை பரவியது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் ஒளிபரப்பைத் தொடங்கியதன் பின்னர், நம் இல்லங்களிற் பெருவழக்காகிய கருவியும் இவ்வகையினதே.

இவ்வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. செய்தி வலிதாய் இருத்தல் மட்டும் போதாது. சூழவுள்ள இரைச்சலினின்றும் அது பிரித்தறியப்படவும் வேண்டும்.

இன்றைய கருவி இதனை எங்ஙனம் நிறைவேற்றுகின்றது? அதன் முனையிலுள்ள ஒளிகாலும் இருவாயி, ஏறத்தாழ 940 நனோமீற்றர் அலைநீளமுடைய கதிரை வெளியிடுகின்றது. அஃது மனிதக் கண்ணுக்குப் புலனாகாது. பொத்தானை அழுத்துங்கால் அக்கதிர் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 முறை அணைந்தெரிந்து, அத்துடிப்புகளின் தொகுதிகளாற் செய்தியை உணர்த்துகின்றது. பெட்டியிலுள்ள உணரி அம்மீடிறனை மட்டும் ஏற்று ஏனையவற்றை வடித்துவிடும். வெயில் மாறாது நிற்பது. பழைய இழை விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 முறையே ஏறியிறங்குவது. ஆதலின் இவை செய்தியென மயங்கமாட்டா. எனினும் நேர்வெயில் உணரியிற் படின் அதனுள் இரைச்சல் மிகுந்து மெலிந்த செய்தி அதனுள் அமிழ்ந்துவிடும். மின்னணு முறையில் எரியும் குழாய் விளக்குகள் சிலவும் இவ்வாறே இடர் செய்யும்.

இனி வீச்சுக்கு வருவோம். ஒரு முனையிலிருந்து விரியும் கதிரின் செறிவு, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகக் குறையும். 3 மீற்றரிற் கிடைக்கும் செறிவில் 6 மீற்றரில் நாலில் ஒன்றும், 9 மீற்றரில் ஒன்பதில் ஒன்றுமே எஞ்சும். ஆகவே வீச்சை இரட்டிக்க வேண்டின் ஒளியை நான்கு மடங்காக்கல் வேண்டும். 10 மீற்றர் எட்டும் கருவியில் இன்னுமோர் இருவாயியைச் சேர்த்து ஒளியை இரட்டிப்பின் வீச்சு 20 மீற்றர் ஆகாது. ஏறத்தாழ 14 மீற்றரே ஆகும்.

மின்கலத்தின் தேய்வை இவ்விதி கொண்டு விளக்கலாம். புதிய கலங்கள் இரண்டும் சேர்ந்து 3 வோல்ற்று தருகின்றன. இருவாயி அதில் ஏறத்தாழ 1.4 வோல்ற்றைத் தன்னளவில் எடுத்துக்கொள்ள, மின்னோட்டத்தைச் செலுத்த எஞ்சுவது 1.6 வோல்ற்று. கலங்கள் தேய்ந்து 2.2 வோல்ற்று ஆகுங்கால் எஞ்சுவது 0.8 மட்டுமே. கலத்தின் அழுத்தம் நாலில் ஒரு பங்களவே குறைந்திருப்பினும் மின்னோட்டமும் ஒளியும் பாதியாகும். 10 மீற்றர் வீச்சு 7 மீற்றராய்ச் சுருங்கும். பெட்டிக்கு அண்மையிற் சென்றால் இயங்கும் கருவி கட்டிலிலிருந்து இயங்காமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வீச்சைப் பெருக்க விழைவோர் பின்வரும் ஒழுங்கிற் செல்லுதல் நன்று. முதலாவது, கலங்களை ஒருங்கே மாற்றி, அவற்றின் தொடுமுனைகளிற் படிந்த துருவை நீக்குக. இரண்டாவது, கருவியின் முனையையும் பெட்டியின் உணரிச் சாளரத்தையும் மெல்லிய துணியாற் துடைக்க. வறட்சிக் காலத்துப் புழுதி இவற்றின்மீது திரையெனப் படியும். மூன்றாவது, உணரியின்மீது வெயில் படாதவாறு பெட்டியைத் திருப்புக; இயலாதெனின் கரிய அட்டையால் உணரிக்கு மேலே சிறு தாழ்வாரம் அமைக்க. கதிர் எழுகின்றதா என ஐயுறின், கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கருவி வழியே கருவியின் முனையை நோக்குக. பல தொலைபேசிகளில் அது மங்கிய ஊதா ஒளியாய்த் தோன்றும்.

இவற்றின் பின்னரே கருவியை மாற்றியமைக்கும் முயற்சி வேண்டும். குவிவு வில்லையால் கதிர்க்கூம்பின் கோணத்தைப் பாதியாக்கின் அது படரும் பரப்பு நாலில் ஒன்றாகும். செறிவு நான்கு மடங்காகி வீச்சு இரட்டிக்கும். மின்கலச் செலவும் மிகாது. ஆயின் கூம்பு ஒடுங்குந்தோறும் குறி தப்பாமை இன்றியமையாததாகும். நடுங்கும் கையினரான முதியோர்க்கு இது நன்மை பயவாது. அவர்க்கு அகன்ற கூம்பும் கூடிய இருவாயிகளுமே ஏற்றவை. இருவாயியுடன் தொடரிலுள்ள தடையை அளவின்றிக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டுவோர், விரைவில் இருவாயியையே இழப்பர்.

சுவர் குறுக்கிடுமிடத்து இவையெல்லாம் பயனில. செந்நிறக் கீழ்க்கதிர் சுவரை ஊடுருவாது. வெண்சுவரிற் பட்டுத் தெறிப்பது மட்டுமே செய்யும். அடுத்த அறையினின்று ஆள வேண்டின், அவ்வறையில் உணரியொன்றை வைத்துக் கம்பி வழியே செய்தியைக் கடத்திப் பெட்டியின் முன் மீண்டும் கதிராக்கும் மீளனுப்பியை நாடலாம். அன்றி, வானலையால் இயங்கும் புதுவகைக் கருவியைக் கொள்ளலாம்.

இம்மாவட்டத்திலே, திருகோணமலையில், ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் 1980களிலிருந்து பல நூறு கிலோவாற்று வலுவுடன் கடல்கடந்து ஒலிபரப்பியது. நம் கையிலுள்ள கருவியோ ஒரு வாற்றின் சிறு கூறினால் இயங்குவது. எனினும் இரண்டிலும் செய்தி தூரத்தால் மெலிகின்றது. இரண்டிலும் அது இரைச்சலோடு போட்டியிடுகின்றது. பௌதிகம் பயிலும் மாணவர், அளவுகோலும் நோட்டுப் புத்தகமும் கொண்டு தம் இல்லத்துக் கருவியின் வீச்சைப் புதிய கலத்தோடும் தேய்ந்த கலத்தோடும், நண்பகலிலும் இரவிலும் அளந்து குறிப்பாராக. அவ்வளவீடுகளை நோக்கி, வீட்டிலுள்ள முதியவரின் கட்டிலை எங்கே இடுவது, பெட்டியை எங்கே வைப்பது என்பதனை அவர்களே முடிவு செய்யலாம்.