செங்குருதி அணுக்களின் காவற்பணி

செங்குருதி அணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும். இது பள்ளி மாணவரும் அறிந்த பாகுபாடு. ஆயினும், உடலைக் காக்கும் பணியில் சிவப்பணுக்களுக்கும் பங்குண்டு என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. அதன் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆனால், ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள. உடலெங்கும் ஓயாது சுற்றிவரும் இப்பெருந்தொகையே அவற்றின் வலிமை.

1953ஆம் ஆண்டில் நெல்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை வெளியிட்டார். எதிர்ப்புப் பொருளும் நிரப்புப் புரதமும் படிந்த கிருமிகள் மனிதச் சிவப்பணுவின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு ஒட்டியவற்றை வெள்ளணுக்கள் எளிதில் விழுங்குகின்றன. இவ்வாறு பற்றுதற்கு உரிய ஏற்பிகள் சிவப்பணுவின் புறத்தே அமைந்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. பற்றிய பொருள்களைச் சிவப்பணு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் கொண்டுசெல்லும். அங்குள்ள பெருவிழுங்கணுக்கள் சுமையை மட்டும் பறித்துக்கொள்ள, சிவப்பணு மீண்டும் குருதியோட்டத்தில் கலக்கும்.

சுமப்பதோடு உணர்தலும் அதற்கு உண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீலம் மங்கள்மூர்த்தி குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. சிதைந்த உயிரணுக்களிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் சிந்தும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பற்றும் டி.எல்.ஆர்.9 என்னும் ஏற்பி சிவப்பணுவில் உண்டு. உடல் நலமாயிருக்கையில், சிறிதளவு திரியும் துணுக்குகளைச் சிவப்பணுக்கள் பற்றிக் குருதியைத் தூய்மை செய்கின்றன. கடுந்தொற்றிலோ துணுக்குகள் பெருகுகின்றன. அளவு மிஞ்சிப் பற்றிய சிவப்பணு உருத்திரிகின்றது. 'என்னை விழுங்காதே' என அறிவிக்கும் சி.டி.47 என்னும் புறப்புரதத்தின் அடையாளமும் மறைகின்றது. உடனே பெருவிழுங்கணுக்கள் அதனை விழுங்குகின்றன; அழற்சியும் மிகுகின்றது.

செப்சிஸ் எனப்படும் கடுந்தொற்று நோயாளர் பலர்க்குக் குருதிச்சோகை உண்டாவது மருத்துவர் நெடுநாள் கண்டது. அதற்குரிய காரணங்களுள் ஒன்று இவ்வாய்வால் விளங்குகின்றது. கோவிட்-19 நோயாளரிடத்தும், சிவப்பணுக்களில் ஒட்டிய டி.என்.ஏ. மிகுந்திருந்ததும், அம்மிகுதி குருதிச்சோகையோடும் நோயின் கடுமையோடும் தொடர்புற்றிருந்ததும் அதே ஆய்வில் காணப்பட்டன.

அளவோடு பற்றுங்கால் காவலாய் நிற்பதே, அளவு கடந்தால் கேட்டிற்கும் வழியாகின்றது. சிவப்பணுவை உயிர்வளி சுமக்கும் கலமென்று மட்டும் கற்பித்தல் இனிப் போதாது. கிருமி வரவை அறியும் காவலருள் அதுவும் ஒன்றென்று சேர்த்துக் கூறுதலே பொருந்தும்.