மாத்திரைக்கு மசியாத கிருமி!

நெய்வேலியில் சுரங்க ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. லீவு போட மனசில்லை. "பவரா ஒரு மாத்திரை கொடுப்பா" என்று மருந்துக் கடையில் கேட்கிறார்.

அதற்குக் கிருமி சாகுமா? லேபில் பார்த்துவிடலாம். சிறுநீரில் இருந்து வளர்த்தெடுத்த கிருமியை அகர் கூழ்த் தட்டில் பூசி, பொட்டு அளவு மருந்து வில்லைகளை வைக்கிறார்கள். 35 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி. கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுற்றி வட்டமாக வெறிச்சென்று கிடக்கும். அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பலிக்காத மருந்தை ஒட்டியே கிருமி மண்டிக் கிடக்கும்!

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2010-ல் 'லான்செட்' குழும மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வின்படி, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்.-1 மரபணு சிக்கியது. பெரிய ஆஸ்பத்திரிகளின் பிரம்மாஸ்திரமான கார்பாபீனம் ஊசிக்கே தண்ணி காட்டும் ரகம்!

ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் மாத்திரை விழுங்கும் முன்பே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். விழுங்கிவிட்டுப் போனால் தட்டில் கிருமி முளைக்காமலே போகலாம்.