முகம் இயல்பாக வர வேண்டுமா?

மணலூர்பேட்டையில் தை 5-ஆம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுக்க அதுதான் நல்ல நாள் என்பேன்.

‘சிரிங்க’ என்று சொன்னால் போச்சு, ரேஷன் கார்டு முகம் வந்துவிடும். அத்தை சுருளிக் கிழங்குக்குப் பேரம் பேசட்டும். நீங்கள் காத்திருந்து நாலைந்து படம் எடுங்கள். (குளிப்பவர்கள் பக்கம் மொபைலைத் திருப்ப வேண்டாம்.) முகத்தருகே நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

‘பியூட்டி’ வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். திருவண்ணாமலையில் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த ரமண மகரிஷி படத்தில் நரைத்த தாடி அப்படியேதான் இருக்கிறது. நம்மை நிறுத்துவது அந்தக் கண்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து, அதில் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பெரியவர் போனபின் மாலை போடப் படம் இல்லாமல் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்; யாரோ போல இருக்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். உறவினர்களுக்கு டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், பெரிய பிரிண்ட் போடலாம்.