இளஞ்சிவப்புப் புறா: பார்ப்பதும் அறிவதும்

மொரீஷியஸ் என்றதும் டோடோதான் நினைவுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டில் அழிந்துபோன அந்தப் பறவையும் புறாக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதே தீவில், அதே முடிவின் விளிம்புவரை போய் மீண்ட இன்னொரு புறா இருக்கிறது. இளஞ்சிவப்புப் புறா. இந்நாட்டைத் தவிர வேறெங்கும் அது காட்டில் வாழ்வதில்லை.

பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் முதல் நாள் காலையிலேயே அதைப் பார்த்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உடன் வந்த வழிகாட்டி சிரித்தார். நான் கண்டது தீவெங்கும் சாதாரணமாகத் திரியும் மடகாஸ்கர் புறா. நிழலில் அதன் மார்பும் சற்றே சிவந்துதான் தெரியும்.

பிரித்தறிவது எப்படி? மடகாஸ்கர் புறா சிறியது, நிறம் அடர்ந்தது. இளஞ்சிவப்புப் புறா பருத்தது. தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அலகின் அடி சிவப்பு, நுனி வெண்மை. எல்லாவற்றையும்விட நம்பத்தக்க அடையாளம் வால்: அகன்று, செம்பழுப்பாக இருக்கும். பறந்து எழும்போது அதைத்தான் பார்க்கவேண்டும். குஞ்சுப் பருவம் கடந்த இளம் பறவைகளில் ரோஜா நிறம் குறைவு. அவை நம்மை ஏமாற்றும்.

பிறகு கால்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு வண்ண வளையங்கள் உண்டு. எந்தப் பறவை எது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1990 வாக்கில் காட்டில் எஞ்சியவை பத்தளவே. எலி, பூனை, கீரி, குரங்கு ஆகியவை ஒருபுறம். காட்டை நெரிக்கும் சீனக் கொய்யா மறுபுறம். 1970களில் தொடங்கிய கூண்டு இனப்பெருக்கத்தால் இன்று 400க்கும் மேல்.

ஆனால் நான் பிழையாக எழுதிக்கொண்ட அந்தப் புறாவுக்கும் இதில் பங்குண்டு. ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைச் சுமப்பவற்றில் அதுவும் ஒன்று. இரையும் நீரும் பகிரும் இடத்தில் தொற்று பரவும். தாய் தந்தை ஊட்டும் புறாப்பால் வழியே குஞ்சின் தொண்டைக்குப் போய் அதைக் கொல்லும். ஆகவே அன்போடு தானியம் இறைப்பதும் அங்கே தீங்கு.

எளிதாகப் பார்க்க விரும்புவோர் மஹேபூருக்கு அருகிலுள்ள ஈல் ஓ ஸெக்ரெத் தீவுக்குப் போகலாம். வழிகாட்டியுடன்தான் அனுமதி. 26 ஹெக்டேர்தான். அங்கே என் தலைக்கு மேலிருந்த கிளையில் ஒன்று அமர்ந்திருந்தது. இம்முறை வாலைப் பார்த்த பிறகே குறிப்பேட்டைத் திறந்தேன்.